ஆட்டுக்கால் வேகும் நேரம்

என் கணவரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். மலை சரிந்து, அவர் குடியிருந்த லயம், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போன பிறகு அவர் பதுளையில் எங்களோடு வந்து இருந்தார். வந்த நாளிலிருந்து அடுப்புப் பக்கம் போகவில்லை. கேஸ் அடுப்பின் திருகை நான் திருப்பி அது பற்றும் சத்தம் கேட்டாலே எழுந்து பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவார். மழை பெய்தாலும் தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு கொய்யா மரத்தடியில் நிற்பார். சமையல் முடிந்து அடுப்பை அணைத்து, "மதினி, வாங்க" என்று நான் குரல் கொடுத்தால்தான் திரும்பி வருவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. எங்களுக்குத் தெரியும்.

அவர் நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவர். கொழுந்து பறிக்கிற வேலை. அவருடைய கணவரை நான் அண்ணன் என்பேன். அண்ணன் தேயிலைச் செடியை உயரவிடாமல் கவ்வாத்து வெட்டுகிறவர். கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து வலது கை விரல்கள் முழுதாக விரியாது. சோற்றைப் பிசையும்போதுகூட எதையோ பிடித்திருக்கிற மாதிரிதான் இருக்கும். பிள்ளைகள் இல்லை. தீபாவளிக்கு நாங்கள் அங்கே போவோம், அல்லது அவர்கள் இங்கே வருவார்கள். எங்கே நடந்தாலும் ஆட்டுக்கால் சூப்பு இல்லாமல் அண்ணனுக்குத் தீபாவளி இல்லை.

மலை சரிந்த வருடம் தீபாவளிக்கு முன் ஒரு வாரமாக மழை விடவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் காலையிலேயே மதினி ஆட்டுக்காலைச் சட்டியில் போட்டு விறகடுப்பில் ஏற்றிவிட்டார். காலையில் ஏற்றினால் பொழுது சாயும்போதுதான் அது இறங்கும். மத்தியானம் போல கிராம சேவகரும் தோட்டத்து ஆட்களும் வந்து, லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, எல்லாரும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்று விரட்டியிருக்கிறார்கள். கையில் கிடைத்த துணிமணியைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். பள்ளிக்கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்த பிறகுதான் மதினிக்கு அடுப்பு ஞாபகம் வந்தது.

இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அடுப்புல கால் கெடக்குங்க, தண்ணி வத்திருக்கும், அடிபிடிச்சிரும்னு சொன்னேன் புள்ள. போங்கன்னு சொல்லல. அடிபிடிச்சிரும்னுதான் சொன்னேன். அவருதான், 'இரு, ஒரு எட்டு போயி சட்டியோட தூக்கிட்டு வந்துர்றேன்'னாரு. சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு போனாரு. நானும் சரின்னு இருந்துட்டேன்."

லொறி லொறியாகக் கல்லைக் கொட்டியதுபோல ஒரு சத்தம் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டதாம். அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டுந்தான்.

இராணுவமும் தோட்டத்து ஆட்களும் தோண்டினார்கள். கதவு கிடைத்தது. அம்மிக்கல் கிடைத்தது. யாருடைய கோழிக்கூண்டோ உடையாமல் கிடைத்தது, உள்ளே ஒரு கோழி உயிரோடு இருந்தது. அண்ணன் கிடைக்கவில்லை. மேலே மறுபடியும் மண் நகரத் தொடங்கியதும் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். என் கணவர் அங்கேயே இருந்து பார்த்துவிட்டு, சேறு காயாத கால்சட்டையோடு அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பதுளைக்கு வந்தார்.

ஆள் கிடைக்காததால் எதுவும் நடக்கவில்லை. எழவும் இல்லை, கருமாதியும் இல்லை. மதினி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அழுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, பால் ஊற்றாத சாயத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

பகலில் நான் தைப்பேன். மதினி கொக்கி வைத்துக் கொடுப்பார், விளிம்பு மடித்துக் கொடுப்பார். அமைதியான மனுசி. ஆனால் பின்னேரமானால் தலையை நிமிர்த்தி மோப்பம் பிடிப்பார்.

"புள்ள, என்னமோ அடிபிடிக்குது."

"அடுப்புல ஒண்ணும் இல்லையே மதினி."

"இல்ல, அடிபிடிக்குது. போயி பாரு."

போய்ப் பார்ப்பேன். அடுப்பு குளிர்ந்து கிடக்கும். சட்டிகள் கழுவிக் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருக்கும். ஒன்றும் இல்லை என்று வந்து சொன்னால் தலையை ஆட்டிக்கொள்வார். மறுநாளும் அதேதான்.

சில மாதங்களில் எனக்கும் அந்த வாடை வரத் தொடங்கியது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மதினி தூங்கிக்கொண்டிருக்கிற ஒரு பின்னேரம், ஒரு சட்டைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தேன். இறைச்சியும் மிளகும் சட்டியின் அடியில் ஒட்டிக் கருகுகிற வாடை, கசப்பாக, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். கேஸ் சிலிண்டரை மூடினேன். மின்சாரச் சுவிட்சுகளை எல்லாம் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கேட்டேன், அவர்கள் அன்று பகல் கடைச்சாப்பாடு வாங்கியிருந்தார்கள். திரும்பி வந்தபோது மதினி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கும் வருதா?" என்று கேட்டார்.

"இல்ல மதினி, சும்மா பார்த்தேன்" என்றேன். அவர் நம்பவில்லை.

வீட்டுக்குக் கரண்ட் குக்கர் ஒன்றைக் கொண்டுவந்தவன் என் தம்பி. கட்டாரில் வேலை முடிந்து திரும்பி வரும்போது பெட்டியோடு தூக்கி வந்தான். மூடியை வைத்துப் பூட்டி, ஒரு பொத்தானை அமுக்கிவிட்டால் அதுவே அழுத்தம் ஏற்றி, அதுவே வேகவைத்து, அதுவே நிற்கும். தைக்கிற வேலைக்காரிக்கு அது பெரிய உபகாரம். முதல் நாள் அதில் பருப்பைப் போட்டுவிட்டுத் தைக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மதினி குசினி வாசற்படியில் நிற்கிறார். உள்ளே சமையல் நடக்கும்போது அவர் அவ்வளவு கிட்ட வந்து நான் பார்த்ததே இல்லை.

"இதுல தீ எங்கிட்டு இருக்கு?"

"தீ இல்ல மதினி. கரண்டுதான்."

"மறந்துட்டு வெளிய போயிட்டா?"

"தானா நின்னுரும்."

"தண்ணி வத்துனா?"

"வத்தாது. ஆவி வெளிய போனாத்தானே வத்தும்? நேரமானதும் நின்னு, சூடு மட்டும் ஆறாம வச்சிருக்கும்."

"தானா நின்னுருமா?" என்று மறுபடியும் கேட்டார். நான் ஆமாம் என்றேன். குக்கரின் முகப்பில் சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. பலகையை இழுத்துப் போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீட்டுச் சமையலில் பாதி அவர் கைக்குப் போனது. கடலை அவித்தார். சோறு வைத்தார். மரவள்ளிக்கிழங்கைக் கூடக் குழையாமல் அவித்து எடுத்தார். தாளிப்பதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டுவிட்டு வெளியே போவார். குக்கர் ஓடுகிற நேரம் முழுக்க அதன் பக்கத்தை விட்டு நகரமாட்டார். தானாக நிற்கும் என்று தெரிந்தும், காய்ச்சலில் படுத்த பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல இருப்பார். பின்னேரத்து வாடையும் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. அக்கா தேறிவிட்டார் என்று என் கணவர் சந்தோசப்பட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த தீபாவளி நெருங்கியது. தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வழக்கம். அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, புதுத்துணி வைத்து, இலை போட்டுப் படைப்போம். அது முடிந்துதான் எங்களுக்குத் தீபாவளி. கடைசி வாரம் வாடிக்கைக்காரர்களுக்குச் சட்டை தைத்து முடிக்கவே எனக்குக் கண் பூத்துப்போகும். அந்த நேரம் பார்த்து என் கணவர் பஜாரிலிருந்து ஆண்கள் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று வாங்கி வந்து என் மடியில் வைத்தார். நீலக்கட்டம் போட்டது, இன்னும் மூட்டாதது.

"இதை மூட்டிக் குடு. அக்காவுக்குத் தெரிய வேணாம்."

"யாருக்குங்க?" என்று கேட்டபிறகுதான் எனக்குப் புரிந்தது. "அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"ஒரு வருசம் ஆகுது. மச்சானுக்கு இன்னும் ஒரு வாய் சோறு படைக்கல. அவரு அங்க சேத்துக்குள்ள பசியோட கெடக்குறாருன்னு எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆட்டோ ஓட்டும்போது வழியில நிக்கிற ஆளெல்லாம் அவரு மாதிரியே தெரியுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கே மூட்ட உட்கார்ந்தேன். இரண்டு ஓரத்தையும் சேர்த்து நேராக ஒரே தையல், சின்ன வேலை. ஆனால் இடுப்பில்லாத ஒருவருக்குத் தைக்கிறோம் என்ற நினைப்பில் தையல் ஓரிடத்தில் கோணிவிட்டது. அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மதினி வந்து நின்றார்.

"யாருக்கு சாரம்?"

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர் உள்ளே வந்தார்.

"மச்சானுக்கு அக்கா. படையலுக்கு."

"படைக்கிறதுன்னா அவரு செத்துட்டாருன்னு நாமளே சொல்றது."

"அக்கா..."

"நான் ஒருத்திதான் இன்னும் சொல்லாம இருக்கேன். நானும் சொல்லிட்டேன்னா அவரு எங்கிட்டு வருவாரு?"

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதினி என் மடியிலிருந்த சாரத்தை எடுத்துத் தையலைப் பார்த்தார். "கோணலா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்ப வைத்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் எங்களோடு பேசவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் காலையில், நான் சுசியத்துக்குப் பாசிப்பயறு கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, என் கணவரைப் பார்த்து, "தம்பி, ஆட்டுக்கால் வாங்கிட்டு வா. வாட்டின காலாப் பார்த்து வாங்கு, மயிர் இருக்கக் கூடாது" என்றார். என் கணவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். தெரு முழுக்க வெடிச்சத்தம். வானம் மட்டும் மூடிக்கொண்டு வந்தது.

காலைக் கழுவித் துண்டாக்கியது மதினிதான். சின்ன வெங்காயம் உரித்தார், இஞ்சியும் பூண்டும் தட்டினார். மிளகையும் சீரகத்தையும் நான் மிக்சியில் போடப் போனபோது தடுத்து, அம்மியில் வைத்து அவரே அரைத்தார். ஒவ்வொன்றாக, வாசனைக்குப் போடுகிற ரம்பை இலை, கறிவேப்பிலை, மல்லித்தூள் எல்லாம் குக்கருக்குள் விழுந்தன. தேங்காய்ப்பால் கடைசியில்தான் என்றார். தண்ணீரை ஊற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து இன்னும் ஒரு கோப்பை ஊற்றினார். நான் மூடியைத் திருகிப் பூட்டினேன்.

"எவ்வளவு நேரம் வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? இதுல நான் கால் வச்சதில்லையே. விறகடுப்புலன்னா பொழுது சாயும்."

குக்கரோடு வந்த சின்னப் புத்தகத்தில் இறைச்சிக் கால்களுக்கு முக்கால் மணி நேரம் என்று இருந்தது. அதையே வைத்தேன். மதினி பலகையில் உட்கார்ந்தார். மூடியின் மேலே இருக்கிற சின்ன ஊசி மெல்ல எழும்பி நின்றது. மழை தொடங்கியது. நான் தைக்க வேண்டிய கடைசிச் சட்டையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். வாடிக்கைக்காரி ஒருத்தி வந்து காத்துக்கொண்டிருந்தாள். அவளை அனுப்பிவிட்டு நிமிர்வதற்குள் குக்கர் கூப்பிட்டுவிட்டது.

ஓடிப்போய், அகப்பைக் காம்பால் ஆவி வால்வைத் தட்டிவிட்டேன். சீறிக்கொண்டு ஆவி கிளம்பிக் கூரைவரை போனது. மிளகு வாசனை குசினியை நிறைத்தது. ஊசி இறங்கியதும் மூடியைத் திறந்தேன். ஒரு கரண்டியை விட்டு ஒரு துண்டை எடுத்துக் காட்டினேன். தொட்டதும் சதை எலும்பை விட்டுக் கழன்றது. நன்றாகவே வெந்திருந்தது.

"வெந்துருச்சு மதினி."

மதினி கரண்டியைப் பார்த்தார். பிறகு குக்கரைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரந்தானா?"

நான் தலையசைத்தேன். அவர் என்ன கேட்கிறார் என்பது உடனே எனக்கு எட்டவில்லை.

"இவ்வளவு நேரந்தான் ஆகுமா புள்ள? காலையில வச்சிருந்தா பத்து மணிக்கே இறக்கியிருக்கலாமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த லயத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால், மலையை விட்டு எல்லாரும் ஓடிய மத்தியானத்தில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாகியிருக்கும். அண்ணன் பள்ளிக்கூடத்துப் பாயில் படுத்துக்கொண்டு மழையைத் திட்டியிருப்பார். இதை நான் மனசுக்குள் முடிப்பதற்குள் மதினி முடித்திருந்தார். அவர் முகத்தில் அழுகை வரவில்லை. கணக்குப் போடுகிற முகம்போல இருந்தது.

"மூடு" என்றார்.

"என்னங்க மதினி?"

"திருப்பி மூடு. இன்னும் வேகட்டும்."

"வெந்துருச்சே. இதுக்கு மேல வச்சா கரைஞ்சிரும்."

"கரையட்டும். கால் அவ்வளவு சீக்கிரம் வேகாது. நான் எத்தனை வருசம் ஆக்கியிருக்கேன், எனக்குத் தெரியாதா? பொழுது சாயணும்."

என்னால் மறுக்க முடியவில்லை. தண்ணீர் சேர்த்து, மூடிப் பூட்டி, மறுபடியும் அதே நேரத்தை வைத்தேன். அது முடிந்து கூப்பிட்டதும் திறக்கவிடாமல் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். என் கணவர் வந்து வாசற்படியில் நின்று, என்ன நடக்கிறது என்று கண்ணாலேயே கேட்டார். நான் பேசாமல் இருங்கள் என்று சைகை செய்தேன். வடைக்கு ஊறவைத்த பருப்பு ஊறிக்கொண்டே கிடந்தது. பயறும் அப்படியே கிடந்தது. எங்கள் வீட்டுத் தீபாவளி அந்த ஒரு பாத்திரத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது. சிவப்பு எண்கள் குறைந்துகொண்டே போக, மதினி உதட்டை அசைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டே குனிந்தபோது கேட்டது. "இப்ப வரமாட்டாங்க. இன்னும் வேகல. இப்ப வரமாட்டாங்க."

வேகாத வரைக்கும் கிராம சேவகர் வரமாட்டார் என்கிறாரா, அண்ணன் எழுந்து போகமாட்டார் என்கிறாரா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மூன்றாவது தடவை பாதியில் கரண்ட் போனது. மழையென்றால் எங்கள் பக்கம் அடிக்கடி போகும். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் நின்றது. சிவப்பு எண்கள் அணைந்தன. கருமேகத்தில் குசினியே இருட்டிவிட்டது. மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ, மூடியின் மேலே எழும்பி நின்ற ஊசி, யாரும் தொடாமல், டிக்கென்று கீழே விழுந்தது.

"நின்னுருச்சு" என்றார் மதினி.

தீப்பெட்டி அலமாரியில் இருந்தது. நான் எடுத்துவிட்டு, அவரை நினைத்து உரசாமல் நின்றேன்.

"கொளுத்து புள்ள. எவ்வளவு நேரந்தான் இருட்டுல இருக்கிறது? தம்பி, எலை எடுத்தா. நேரமாகுது."

அவர் வெளியே போகவில்லை. குச்சி எரிந்தபோது கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

சாமி அறை என்று தனியாக எங்களுக்கு இல்லை. முன்னறையில் தையல் மிஷினை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, விளக்கேற்றி இலை போட்டோம். சோறும் இட்லியும் வைத்தோம். சுட முடியாமல் போன வடைக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய வடையை வைத்தோம். சாரத்தை மடித்து வைத்தேன், கோணலைப் பிரித்து நேராகத் தைத்திருந்தேன். என் கணவர் ஒரு கால்போத்தல் சாராயமும் சுருட்டும் வைத்தார். மதினி ஆட்டுக்கால் சூப்பில் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவந்தார். சதையெல்லாம் சாற்றோடு கரைந்து, எலும்புகள் வெள்ளையாகத் தனியே கிடந்தன. கற்பூரம் காட்டும்போது அவர் கும்பிடவில்லை. இலைக்கு முன்னால் குனிந்து, அண்ணனைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல, "வாங்க, வெந்துருச்சு" என்று மட்டும் சொன்னார்.

படைத்துவிட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே இருக்கவேண்டும். செத்தவர்கள் ஆள் பார்க்கச் சாப்பிடமாட்டார்கள். நாங்கள் வெளித்திண்ணையில் நனைந்தும் நனையாமலும் நின்றோம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. தெருவில் யாரோ நமத்துப்போன வெடியைக் கொளுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. டொக். கொஞ்சம் பொறுத்து, டொக், டொக்.

அண்ணன் எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை எடுக்க, எலும்பைத் தட்டின் விளிம்பில் அப்படித்தான் தட்டுவார். விரல் விரியாத கையால் உறிஞ்சி எடுக்க வசதிப்படாது என்பதால் தட்டியே எடுப்பார். மதினி திட்டுவார். அந்தத் தட்டலைக் கேட்காதவர் எங்கள் குடும்பத்தில் இல்லை.

என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த இடம் வலித்தது. குக்கர் ஆறும்போது அதன் உள்பாத்திரம் அப்படிச் சத்தம் போடும். சூடான எஃகு சுருங்குகிற சத்தம் அது, எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. அவர் கதவில் காதை வைத்திருந்தார். "மெதுவா சாப்பிடட்டும்" என்றார். அந்த ஒரு வருடத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கதவைத் திறந்தபோது எல்லாம் வைத்தது வைத்தபடியே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மதினி அண்ணனுடைய இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். எங்களுக்கும் ஊற்றினார். உப்பு கொஞ்சம் கூட. நானும் என் கணவரும் குடித்தோம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு மதினி என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். கரண்ட் திரும்ப வந்து, தெருவெல்லாம் வெளிச்சமாகி, வெடி மறுபடியும் ஆரம்பித்த பிறகும் அழுதுகொண்டிருந்தார்.

அதற்கடுத்த சித்திரையில், லயம் போன குடும்பங்களுக்குத் தோட்டத்தின் மறுபக்கம் மேட்டில் கட்டிய சின்ன வீடுகளில் ஒன்று மதினிக்கும் கிடைத்தது. எங்களோடேயே இருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தோம். கேட்கவில்லை. கிளம்புகிற அன்று நான் குக்கரைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன்.

"எனக்கு வேணாம் புள்ள. அது சட்டுனு முடிச்சிருது. எனக்குப் பொழுது போகணும்ல?"

அது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கிறிஸ்மஸுக்குப் பக்கத்து வீட்டார் கோழிக்கறிக்கு இரவல் வாங்குவார்கள். பொங்கலுக்கு அதிலேயே சர்க்கரைப் பொங்கல் வைக்கிறேன். நன்றாகத்தான் வருகிறது. ஆனால் குக்கர் ஆறி உள்ளே டொக்கென்று ஒரு சத்தம் வந்தால், என் கணவர் வேறு அறையில் இருந்தாலும் பேச்சை நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஆட்டுக்கால் மட்டும் நாங்கள் வாங்குவதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக மதினியைப் பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டிறங்கி மேடேறினேன். வீட்டுக்குப் பின்னால் தகரம் சாய்த்து விறகடுப்பு போட்டிருந்தார். அதில் ஒரு இரும்புச் சட்டியில் எதையோ கையாலேயே பிரட்டி வறுத்துக்கொண்டிருந்தார். முகம் தெளிந்து, கொஞ்சம் சதையும் போட்டிருந்தது. மறுபடியும் கொழுந்துக்குப் போகிறாராம். வாசலில் நின்றால் மலை சரிந்த இடம் நேர் எதிரே தெரிந்தது. சிவப்பாக இருந்த மண் இப்போது பச்சையாகிவிட்டது. மண்ணோடு சறுக்கி வந்த தேயிலைச் செடிகள், விழுந்த இடத்திலேயே சாய்வாக, தலைகீழாக, கண்டபடி வேர் பிடித்துத் தளிர்த்திருந்தன. அந்தப் பக்கம் போகக்கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள்.

மதினி சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். கடைத் தூள் இல்லை. நிறம் வெளிறி, புகை வாசனையோடு, நாக்கில் ஒரு இனிப்பு நின்றது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு மதினி. எங்க வாங்குனது?"

"வாங்கல. நானே வறுத்தது." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்மலையைக் காட்டினார். "அங்கிட்டு நல்ல கொழுந்து. ஆள் போகாத எடம், உரம் போடாமலே எப்படி வந்திருக்குன்னு பாரு. ஞாயித்துக்கெழமை போயி ஒரு படங்குத் துணி நெறயப் பறிச்சிட்டு வருவேன். அவருக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் இருந்த மாதிரியும் ஆச்சு."

கோப்பையில் பாதிக்கு மேல் இருந்தது. மதினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் குடித்து முடித்தேன். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றுங்கள் என்று கோப்பையை நீட்டினேன்.